எப்ப வறுத்தது?

காலையில முதல் டம்ளர் காப்பி உள்ள போற வரைக்கும் என்கிட்ட யாரும் முக்கியமான விஷயம் பேசக் கூடாதுங்கறது எங்க வீட்டுல எழுதப்படாத சட்டம். தங்கமணிக்கு இது கல்யாணம் ஆன ரெண்டாவது நாளே புரிஞ்சுடுச்சு. பால்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஒருத்தன் கடம்பத்தூரில் குடியிருந்துகொண்டு, புதுசா வறுத்த காப்பிக்கொட்டைக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காப்பியோட உட்காருங்க :-)

கடம்பத்தூர் எங்கே இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் பிடிச்சா, திருவள்ளூர், ஏகாட்டூர், அடுத்தது நாங்க. சுத்திலும் தொழிற்சாலைகள், நடுவில் மிச்சமிருக்கிற வயல்கள். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களும் ஷிஃப்டுக்குப் போறவங்களும் ஸ்டேஷன் வாசலில் சந்திச்சுக்கற ஊர். இங்க டீக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலை நாலரைக்கும் பாய்லர் கொதிச்சுக்கிட்டு இருக்கும். காப்பின்னு கேட்டா கண்ணாடி டம்ளரில் சர்க்கரை, அதுமேல ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் தூள், அதுக்குமேல ஒரு முழ உயரத்திலிருந்து ஆத்தின பால். குறை சொல்லலை. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவருக்குத் தூக்கத்தை விரட்ட அது போதும். நான் கேக்கறது வேற.

நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். போன வாரம் வறுத்த கொட்டை. அவ்வளவுதான். பிளான்டேஷன் ஏ-யா, பீபரியா, எந்த மலை, எத்தனை அடி உயரம், இதெல்லாம் அப்புறம்.

*

முதல் படையெடுப்பு ஊருக்குள்ளேயே நடந்தது. மளிகைக் கடையில் சரம் சரமா தொங்கற சாஷேக்களைத் தாண்டி, ஷெல்ஃபில் ஒரு கால் கிலோ பில்டர் காப்பிப் பாக்கெட் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பேக் பண்ணின தேதி இருந்தது, காலாவதி தேதி இருந்தது, சிக்கரி எத்தனை சதவீதம்னும் இருந்தது. வறுத்த தேதி மட்டும் இல்லை. சட்டப்படி அது இருக்கணும்னு கட்டாயமும் இல்லை. பேக் பண்ணி மூணு மாசம் ஆன பொடி அது. அதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் மூட்டையில் தூங்கியதோ, அந்த மூட்டைக்கே வெளிச்சம்.

இரண்டாவது படையெடுப்பு திருவள்ளூர் பஜார். அங்கே ஒரு கடையில் அரைக்கிற மிஷின் இருந்தது. தகர டப்பாக்களில் வறுத்த கொட்டை, மேலே சாக்பீஸில் எழுதின பெயர்கள். வாசனையும் இருந்தது. நம்ம ஆளு கிடைச்சுட்டார்னு உள்ள போயிட்டேன்.

"அண்ணே, கொட்டை பிரெஷ்ஷா?"

"உங்க கண்ணு முன்னாடிதான் சார் அரைச்சுத் தரப்போறேன். இதைவிட பிரெஷ் வேணுமா?"

"அரைக்கிறது சரிண்ணே. எப்ப வறுத்தது?"

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. யாரும் கேக்காத கேள்வியை ஒருத்தன் கேட்டா வர்ற முழிப்பு. "வறுத்ததெல்லாம் மெட்ராஸ்லேர்ந்து வருது சார். இங்க வந்த தேதி வேணா சொல்றேன். வறுத்த தேதி... நான் கேட்டதில்ல" என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது. ஆனா அந்த ஒரு வரியில்தான் விஷயம் முழுக்க இருக்கு. அவர் கேட்கலை. அவருக்கு அனுப்புறவர் சொல்லலை. நாம ரெண்டு பேர்கிட்டயும் கேட்கலை. காய்கறிக் கடையில் வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பார்த்து வாங்கற ஜனங்க நாம. மீன்காரம்மா கூடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கறோம். இட்லி மாவு நேத்து அரைச்சதா, முந்தாநாள் அரைச்சதான்னு மோந்து பார்க்கறோம். காப்பிப்பொடிக்கு மட்டும் பாக்கெட் மேல இருக்கிற பேரைப் பார்த்துட்டு வந்துடறோம்.

*

வறுத்த தேதி என்ன அவ்வளவு பெரிய விஷயமான்னு கேக்கலாம். பெரிய விஷயம்தான்.

பச்சைக் காப்பிக்கொட்டை ரொம்பப் பொறுமைசாலி. அதுல 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். நல்லபடியா வெச்சிருந்தா ஒரு வருஷம் வரைக்கும் பெரிசா கெடாது. அந்தக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு, மாசக் கணக்கில் உப்புக்காத்தில் ஊறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. போய்ச் சேரும்போது நிறமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அந்த ருசியே அவங்களுக்குப் பிடிச்சுப்போய், வேகமான கப்பல் வந்த பிறகும் அதையே கேட்டாங்க. அதுக்காகவே இன்னிக்கும் மேற்குக் கரையில் கொட்டையைப் பருவமழைக் காத்துல வாரக்கணக்கில் பரப்பி வெச்சு 'மான்சூன்டு மலபார்'னு ஒரு காப்பி தயார் பண்றாங்க. பச்சைக் கொட்டை அத்தனையும் தாங்கும்.

வறுத்துட்டா கதை மாறிடும். உருளை சூடேறி 200 டிகிரியை நெருங்கும்போது கொட்டை சோளப்பொரி மாதிரி 'பட் பட்'டென்று வெடிக்கும். உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் போய் எடை 15 முதல் 20 சதவீதம் குறையும். ஒரு கிலோ போட்டா எண்ணூத்திச் சொச்சம் கிராம்தான் திரும்பி வரும். நமக்குத் தெரிஞ்ச காப்பி வாசனை அத்தனையும் அந்தச் சில நிமிஷத்தில் பிறக்கறதுதான். பச்சைக் கொட்டையை மோந்து பார்த்தா வைக்கோல் வாசனைதான் வரும். பிறந்த வாசனை அன்னிக்கே வெளியேறவும் ஆரம்பிச்சுடும். கொட்டைக்குள்ள கரியமில வாயு நிறைஞ்சிருக்கும். அது மெதுவா வெளியேறும், அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகும், எண்ணெய்ப் பசை சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். கொட்டையா இருந்தா ரெண்டு மூணு வாரம் மானத்தைக் காப்பாத்தும். பொடியாக்கிட்டா காத்து படற பரப்பு பல மடங்கு. வாயுவில் பெரும்பங்கு அரைச்ச சில நிமிஷங்களிலேயே போயிடும். மிச்சம் நாள் கணக்குதான்.

அதனால 'கண்ணு முன்னாடி அரைச்சது'ங்கறது பாதி உண்மை. ஆறு மாசம் முன்னாடி வறுத்த கொட்டையை இப்போ அரைச்சா, அது இப்போ அரைச்ச பழைய காப்பி.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. பொடி மேல கொதி தணிஞ்ச வெந்நீரைக் கொஞ்சமா ஊத்துங்க. புதுசா இருந்தா பொடி மூச்சு விடற மாதிரி உப்பி, நுரை கட்டி மேல எழும்பும். பழசா இருந்தா மழையில் நனைஞ்ச களிமண் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். எங்க வீட்டு பில்டரில் பத்து வருஷமா களிமண்தான் உட்கார்ந்திருந்ததுன்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது.

*

சரி, மெட்ராஸ்லேர்ந்துதானே வருது, மெட்ராஸுக்கே போவோம்னு மூணாவது படையெடுப்பு. ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய், வாசலிலேயே வறுக்கிற கடை ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். உருளை சுத்திக்கிட்டிருந்தது. வறுக்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. காதை உருளைப் பக்கம் வெச்சுக்கிட்டு, நடுநடுவே சின்னக் கரண்டியால் நாலு கொட்டையை இழுத்து மோந்து பார்த்துட்டு, திடீர்னு 'போதும்'னு தட்டில் கொட்டினார். புகை அடங்கறதுக்குள்ள அரைக் கிலோ கட்டச் சொல்லி வாங்கிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. பெரம்பூர் தாண்டறதுக்குள்ள பெட்டி முழுக்க வாசனை. எதிர் சீட்டில் கண்ணை மூடிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் கண்ணைத் திறக்காமலே, "யாரு தம்பி காப்பிக்கொட்டை வெச்சிருக்கறது?" என்றார். நான்தான்னேன். "எங்க ஆயா வாணலியில் வறுக்கும். தெருமுனையில வரும்போதே தெரிஞ்சுடும், இன்னிக்கு வறுக்கறாங்கன்னு. அப்புறம் எப்ப நிறுத்துனாங்கன்னே ஞாபகம் இல்லை" என்றார். ஆவடியில் இறங்கும்போது பையை ஒரு தடவை வாங்கி மோந்து பார்த்துட்டுத்தான் இறங்கினார்.

'எப்ப நிறுத்துனாங்கன்னே ஞாபகம் இல்லை.' அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நல்ல காப்பியை யாரும் நம்மகிட்ட இருந்து பிடுங்கலை. சத்தமில்லாம நாமே கைவிட்டது. முதலில் வீட்டில் வறுக்கிறதை விட்டோம், கடைக்காரர் வறுத்தார். அடுத்து வீட்டில் அரைக்கிறதை விட்டோம், கடைக்காரர் அரைச்சார். அப்புறம் கடைக்காரரே வறுக்கிறதை விட்டார். கடைசியில் பில்டரையே பரணில் போட்டுட்டு சாஷேவைக் கத்தரிச்சோம். ஒவ்வொரு படியிலும் அஞ்சு நிமிஷம் மிச்சமாச்சு. அந்த அஞ்சு நிமிஷத்தை எங்கே வெச்சிருக்கோம்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்லை.

*

இங்க ஒரு நண்பர் குறுக்கே வந்தார். தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கறவர். "இதெல்லாம் மயிலாப்பூர்க்காரங்க சமாச்சாரம்பா. நமக்கு எதுக்கு? டீ அடிச்சமா, வேலையைப் பார்த்தமான்னு இருக்கணும்."

அவர் சொல்றதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு. காப்பி தமிழ்நாட்டுக்கு வந்து வீட்டுக்கு வீடு நுழைஞ்ச கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு அருமையா எழுதியிருக்கார். காப்பி நடுத்தர வர்க்கத்துக்கும் மேல்சாதிக்கும் அடையாளமாகவும், டீ உழைக்கிறவங்களுக்கு உரியதாகவும் எப்படி ஆச்சுங்கறது அதுல இருக்கு. ஓட்டல் வாசலில் சாதிப் பேர் போட்டுக் காப்பி வித்த காலமும் இருந்தது, அதை எதிர்த்துப் போராட்டம் நடந்த காலமும் இருந்தது. ஆக நண்பருடைய விலகல் சும்மா வந்ததில்லை.

ஆனா அதுக்காக நல்ல காப்பியை அவங்களுக்கே எழுதிக் கொடுத்துடணுமா? காப்பிச் செடி எந்த அக்ரகாரத்திலும் முளைக்கலை. மெக்காவுக்குப் போய்ட்டுத் திரும்பின பாபா புதன்ங்கற சூஃபி ஞானி, ஏழு விதையை மறைச்சுக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார்னுதான் இந்தியக் காப்பியின் கதையே தொடங்குது. ஏற்காட்டில் 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கற வெள்ளைக்காரர். மலையில் களை எடுத்ததும் பழம் பறிச்சதும் சமவெளியிலிருந்து கங்காணி கூட்டிட்டுப் போன ஏழை ஜனங்க. சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, வால்பாறைன்னு இன்னிக்கும் நம்ம மலைகளில் விளையுது. இந்தியாவில் விளையற காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகம், 20 சதவீதம் கேரளம், நம்ம பங்கு 5 சதவீதத்தை ஒட்டி. நாட்டின் மொத்த விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதியாகுது. ரொம்ப காலமா அதிகம் வாங்கற நாடு இத்தாலி. இத்தாலிக்காரனுக்கு நம்ம கொட்டை போகுது. கடம்பத்தூர்க்காரனுக்குச் சாஷே வருது. இதுல எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் உண்டு, மறைக்க விரும்பலை.

*

பேரைப் பார்த்து ஏமாறுவதைப் பத்தி ஒரு வார்த்தை. ஹைவேயில் எங்க பார்த்தாலும் 'கும்பகோணம் டிகிரி காப்பி'. பித்தளை டபரா, பளபளன்னு போர்டு. கும்பகோணத்தில் காப்பிச் செடி கிடையாது. அந்த ஊர் பேர் வாங்கினது தண்ணி கலக்காத பாலுக்கும், முதல் டிகாக்ஷனுக்கும், காப்பி போட்ட கைக்கும். போர்டு எழுதிட்டா அந்தக் கை வந்துடாது. காப்பியில் பேர் சொல்றது ஊரை. தேதி சொல்றதுதான் உயிரை.

சிக்கரியையும் இங்கேயே பேசிடலாம். நான் சிக்கரி விரோதி இல்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்து இடிச்சது. நெப்போலியன் காலத்தில் பிரான்ஸுக்குக் காப்பி வர்றது தட்டுப்பட்டபோது அங்க பரவலாச்சு. நம்ம ஊருக்கு இப்போ குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருது. டிகாக்ஷனுக்குக் கெட்டி கொடுக்கும், நிறம் கொடுக்கும், விலையையும் குறைக்கும். பத்துக்கு ரெண்டு பங்குன்னா எனக்கும் பிடிக்கும். ஆனா இன்னொரு வேலையும் அது செய்யும். செத்துப்போன காப்பிக்கு மேக்கப் போடும். வாசனை போன கொட்டையைக் கருக வறுத்து, கை தாராளமா சிக்கரி சேர்த்துட்டா, கசப்பும் கறுப்பும் இருக்கிறதால நாம 'ஸ்ட்ராங்கா இருக்கு'ன்னு பாராட்டுவோம். சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பாக்கெட்டில் அளவைப் போடணும். சில்லறையா கட்டித் தர்ற பொட்டலத்தில் எந்த எழுத்தும் இல்லை. சந்தேகம் வந்தா ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்க. காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கிட்டே அடியில் இறங்கும்.

இப்போ இது இன்னும் முக்கியம். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து, 2024ல் உலகச் சந்தையில் ரோபஸ்டா விலை அதுவரை பார்க்காத உயரத்துக்குப் போச்சு. அராபிகா 1977ல் தொட்ட பழைய உச்சத்தை 2024 கடைசியில் தாண்டியது. கொட்டை விலை ஏறினா கலப்படத்துக்கும் பழைய சரக்குக்கும் ஆசை வர்றது மனுஷ சுபாவம். நாம கேள்வி கேக்காம இருந்தா அந்த ஆசைக்கு வேலியே இல்லை.

*

நாலாவது படையெடுப்பு இன்டர்நெட். இதைப் பாராட்டியே ஆகணும். 1942ல் வந்த காப்பிச் சட்டத்துக்குப் பிறகு பல பத்தாண்டு காலம் விவசாயி தன் கொட்டையைக் காப்பி போர்டுக்குத்தான் கொடுக்கணும்னு இருந்தது. 1990களில் அது படிப்படியா தளர்ந்து, யாருக்கு வேணா விக்கலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் எஸ்டேட்காரங்க நேரடியா விக்கறதும், வறுத்த தேதியைப் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிற புதுக் கம்பெனிகளும் வந்தன. நானும் ஒரு பாக்கெட் வரவழைச்சேன். தேதி இருந்தது. அஞ்சு நாள் பழசு. வெந்நீர் ஊத்தினதும் பொடி உப்பி எழுந்தபோது தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். (அவங்க பார்வையில் 'இதுக்காகவா கூப்பிட்டே'ன்னு இருந்தது.)

ஆனா விலை? கால் கிலோவுக்குக் கொடுத்த காசில், அனுப்பற செலவையும் சேர்த்தா, எங்க ஊரில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிடலாம். எங்க வீட்டில் ரெண்டு பேர், காலையும் சாயங்காலமும். டம்ளருக்குச் சுமார் 10 கிராம்னு வெச்சா ஒரு நாளைக்கு 40 கிராம். கால் கிலோ ஒரு வாரம்கூட வராது. மாசக் கடைசியில் இது தாங்காது.

அங்கதான் எனக்குக் கோபம் வந்தது. நல்ல கொட்டைக்கு விலை கொடுக்கலாம், தப்பில்லை. விவசாயிக்குக் கூடுதலா கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா புதுசா வறுத்ததுங்கறதே ஒரு ஆடம்பரச் சரக்கா மாறினது எப்படி? புதுசா வறுக்க விலையுயர்ந்த கொட்டை தேவையில்லை. சாதாரண ரோபஸ்டாவைக்கூட இந்த வாரம் வறுத்துக் கொடுக்கலாம். ஒரு காலத்தில் தெருமுனையில் சும்மா கிடைச்சதுக்கு இப்போ மேல்நாட்டுப் பேர் வெச்சு மூணு மடங்கு விக்கறாங்க. ஏழைக்குப் பழசு, பணக்காரனுக்குப் புதுசுன்னு காப்பி ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. முந்தி சாதிக்கு ஒரு டம்ளர்னு இருந்தது. இப்போ சம்பளத்துக்கு ஒரு டம்ளர்னு வந்துடக் கூடாதுங்கறதுதான் என் கவலை.

நடுவில் வீட்டிலும் வறுத்துப் பார்த்தேன். பச்சைக் கொட்டை வாங்கி இரும்பு வாணலியில், ஆயா காலத்து முறையில். கை விடாம கிளறணும், ஒரு நிமிஷம் அசந்தா ஒரு பக்கம் கருகிடும். மேல்தோல் பொட்டு மாதிரி பறக்கும், முறத்தில் புடைச்சு எடுக்கணும். முதல் தடவை கரியாச்சு. மூணாவது தடவை பழுப்பா, ஓரளவு ஒரே நிறமா வந்தது. ஒரு நாள் ஆற விட்டு அடுத்த நாள் போட்ட காப்பி, சத்தியமா சொல்றேன், அந்த விலையுயர்ந்த பாக்கெட்டுக்கு ரொம்ப ஒண்ணும் குறைச்சலில்லை. ஆனா வீடு முழுக்கப் புகை. "வாரா வாரம் இது நடந்தா நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

*

கடைசியில் மறுபடி திருவள்ளூர் கடைக்காரர்கிட்டயே போனேன். "அண்ணே, நீங்களே வறுத்தா என்ன?"

உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். கோணியைத் தூக்கினா அடியில் ஒரு சின்ன உருளை மிஷின். அவங்க அப்பா ஓட்டினது, அஞ்சு கிலோ பிடிக்கும். "அஞ்சு கிலோ வறுத்தா அஞ்சு கிலோ வித்தாகணும் சார். ரெண்டு கிலோதான் போகுது, மிச்சம் மூணும் பழசாயிடும். அதுக்கு மெட்ராஸ் சரக்கே மேல். உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் கேட்டா நான் வறுக்கறேன்."

நியாயமான கணக்கு. அவர்மேல எந்தத் தப்பும் இல்லை. பழைய காப்பி ஒரு மோசடியால் வந்ததில்லை, வாடிக்கை குறைஞ்சதால் வந்தது. புதுசு வேணும்னா கொஞ்சம் பேர் சேர்ந்து, ஒரே நாளில், சொல்லி வெச்சு வாங்கணும். அதுக்கு டெக்னாலஜி எதுவும் வேண்டாம், சீட்டுப் பிடிக்கிற மாதிரி ஒரு நோட்டு போதும்.

ரயிலில் கூட வர்றவங்க, தெருக்காரங்க, 'மயிலாப்பூர் சமாச்சாரம்'னு சொன்ன அந்த நண்பர் உட்பட எட்டு வீடு சேர்த்தேன். பத்து ஆகலை. கடைக்காரர் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டார். இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை உருளை சுத்துது. வீட்டுக்கு அரைக் கிலோ, மிச்சம் கடைக்கு. பொட்டலத்து மேல பேனாவில் தேதி எழுதித் தர்றார். முதல் ஈடு கொஞ்சம் கருகிப்போச்சு, அதையும் யாரும் திருப்பிக் கொடுக்கலை. ரெண்டு வீடு நடுவில் விலகிடுச்சு, ஒரு வீடு புதுசா சேர்ந்தது. இது எத்தனை நாள் ஓடும்னு சத்தியமா தெரியாது. ஆனா போன வியாழன் நான் போனபோது, எனக்குத் தெரியாத ஒரு அம்மா கவுண்ட்டரில் நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க:

"ஏம்ப்பா, இது எப்ப வறுத்தது?"

எனக்கு அந்த வாரம் காப்பி குடிக்காமலே தூக்கம் போச்சு :-)

உங்க ஊர்க் கடையிலும் இதையே கேளுங்க. முதல் தடவை முழிப்பாங்க. ரெண்டாம் தடவை 'இந்த ஆளு மறுபடி வந்துட்டான்'னு பார்ப்பாங்க. அஞ்சாம் தடவை ஒருத்தர் தேதி எழுதி வெப்பார்.

பி.கு.: ஒரேயடியா ஒரு கிலோ வாங்கி வெக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொட்டையா வாங்குங்க, அன்னன்னிக்கு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி அரைச்சுக்கலாம். காத்துப் புகாத டப்பாவில் போட்டு வெயில் படாத அலமாரியில் வைங்க. வறுத்த அன்னிக்கே போட்டா வாயு அதிகமா இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள் பொறுங்க. அந்த ரெண்டு நாள் பொறுக்கிறதுதான் இதுல இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை.